மியூசியச் சுவரில் என் வீட்டுக்காரர்

மியூசியம் என்று சொல்கிற இடத்துக்கு நானாக விரும்பி ஒருநாளும் போனதில்லை. என் மகள் இழுத்துக்கொண்டு போவாள், நானும் போவேன். அவள் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவள். மற்றப் பெண்களுக்கு ஓய்வு கிடைத்தால் கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் நன்றாகத் தூங்குவார்கள். இவளுக்குப் பழைய சாமான் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், "ம்மா, கெளம்பும்மா, இன்னிக்கு ஒரு ஹெரிட்டேஜ் வீடு" என்பாள். எங்கள் வீடு இருக்கிற செங்காங்கில் ரயில் ஏறினால் எங்கே கொண்டுபோய் இறக்குவாள் என்று அவளுக்குத்தான் வெளிச்சம்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் வராது. ஆகவே அந்த இடங்களில் சுவர் சுவராக எழுதி வைத்திருப்பதையெல்லாம் நான் படித்ததில்லை, படிக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். பலகையை மேலிருந்து கீழ்வரை படிக்கிறார்கள். பக்கத்திலிருக்கிற பொருளைப் போகிற போக்கில் ஒரு பார்வை பார்க்கிறார்கள். அப்புறம் அடுத்த பலகைக்குப் போய்விடுகிறார்கள். பலகை பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மின்தூக்கிப் பக்கத்தில் எத்தனை பலகை ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன். மகள் அன்று ரயிலில் என்னோடு பேசவில்லை.

காத்தோங்கில் ஒரு பெரிய வீடு. பெரனாக்கான் என்கிற பழைய சீனக் குடும்பம் ஒன்று வாழ்ந்ததாம். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். என் வீட்டில் செருப்பைக் கழற்றுங்கள் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மாதிரி ஆட்களெல்லாம் அங்கே வெறுங்காலோடு பவ்யமாக வரிசையில் நின்றார்கள். விளக்கம் சொன்ன அம்மாள் குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசினாள், பக்கத்து அறையில் பிள்ளை தூங்குகிற மாதிரி. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் விரித்து, மேலே விளக்குப் போட்டு, பூ வரைந்த ஒரு பீங்கான் வைத்திருந்தார்கள். எல்லோரும் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள். என்னவென்று கேட்டால் எச்சில் துப்புகிற சட்டி. அதைத் தினம் கழுவின ஆயா இந்தக் கூத்தைப் பார்த்திருந்தால் அந்தச் சட்டியிலேயே இன்னொரு தரம் துப்பியிருப்பாள்.

இன்னொரு தடவை பாசிர் ரிஸ் பக்கம். பழைய ஓரறை வீட்டுச் சமையல்கட்டை அப்படியே செய்து வைத்திருக்கிறோம் என்றார்கள். அடுப்பு இருந்தது. ஊறுகாய் ஜாடி இருந்தது. தட்டில் பிளாஸ்டிக் இட்லி, அதன்மேல் தூசி. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கரப்பான் இல்லை, மீன் கழுவின தண்ணீர் நாற்றம் இல்லை. ஏர்கான் சில்லென்று அடித்தது. என் பக்கத்தில் நின்ற ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு "ஸோ கோஸி" என்றாள். எவ்வளவு சுகமான வீடு என்று அர்த்தமாம், மகள் சொன்னாள். அந்த மாதிரி வீட்டில் நாங்கள் காலை நீட்டிப் படுத்ததே இல்லை, ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். அதை அவளிடம் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தப்பித்தாள்.

எல்லா இடத்திலும் வாசலில் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, சீனியர்ஸுக்கு ஃப்ரீ" என்று சொல்லும். காசு கொடுத்துப் பார்க்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் வந்திராது. போன வருஷம் நம் ஆட்கள் கடைவீதியான தேக்காவில் ஒரு பழைய கடைவீட்டைச் சுண்ணாம்படித்து, "அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்ப வீடு" என்று சின்னதாக ஒரு மியூசியம் திறக்கப்போகிறார்கள் என்று மகள் வந்து சொன்னாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. யார் வீடு என்று கேட்டேன். "யார் வீடும் இல்லம்மா, எல்லார் வீடும் மாதிரி" என்றாள். யாருமே வாழாத வீட்டுக்கு இத்தனை அலங்காரம்.

என் வீட்டுக்காரர் தேக்காவில் வெகுகாலம் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தவர். கடையில் அவர் நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம் எங்களிடம் இருந்தது. வாலிப வயது, வகிடெடுத்த தலை, கையில் கண்ணாடி வெட்டுகிற கத்தி. மகள் அதை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரைக் கேட்டாள். அவர் உடனே சரி என்றார். படம் கேட்டால் எந்த ஆண்பிள்ளை இல்லை என்பான்.

அவர் அப்போது ரத்தம் சுத்தம் செய்ய டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார், இப்போதும் போகிறார். அங்கே அவருக்கு அடுத்த நாற்காலியில் ஒரு சீனர் உட்காருவார். இரண்டு பேரும் மலாயில் கோழிச் சண்டை மாதிரி சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அந்த நாற்காலி காலியாக இருந்தது, அடுத்த முறை வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டில் குற்றம் சொல்லக்கூட மறந்துபோனார். கல்யாணமான நாளிலிருந்து குழம்பில் குற்றம் கண்டுபிடிக்காமல் இருந்ததில்லை அவர். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

மியூசியம் திறப்பது ஞாயிற்றுக்கிழமை. அவரையும் அழைத்திருந்தார்கள். அதற்குமுன் வியாழக்கிழமை, பொருள் கொடுத்தவர்கள் மட்டும் வந்து பார்க்கலாம் என்றார்கள். அவருக்கு டயாலிசிஸ் நாள். நானும் மகளும் போனோம்.

முன்பக்கக் கடையில் தராசு, தகர டப்பா, இத்தியாதி. அதற்கு அப்பால் ஒரு கூடம், ஒரு பிரம்பு நாற்காலி. அதை ஒட்டிச் சாமி அறை. முருகன் படம், லட்சுமி படம், பித்தளை விளக்கு. விளக்கில் எண்ணெய் பட்ட அடையாளமே இல்லை. பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் தொங்கிக்கொண்டிருந்தார்.

கடையையும் கத்தியையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். கழுத்தைச் சுற்றிச் சந்தன மாலை. கண்ணாடிமேல், சரியாக நெற்றி வருகிற இடத்தில், குங்குமப் பொட்டு. மேலே சின்னச் சிவப்புப் பல்பு, மினுக் மினுக்கென்று எரிகிறது. என் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. தாலி இருந்தது.

"ம்மா, அழகா இருக்குல்ல?" என்றாள் மகள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பெற்றவள்தான்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் படம் கொண்டுவந்தாலும் கூலி பேசுவதற்கு முன், சட்டம் காட்டுவதற்கு முன், "ஆளு இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். இருக்கிறார் என்றால் தங்க விளிம்பு போட்ட சட்டம். இல்லை என்றால் மாலைக்கு இரண்டு கொக்கி, மேலே பல்புக்கு இடம். முடிந்த படங்களைச் சுவரில் மாட்டிவைப்பார். இருக்கிறவர்கள் ஒரு சுவர், போனவர்கள் எதிர்ச் சுவர். ஒரு படம்கூட மாறி ஏறியதில்லை. ஒருமுறை ஒரு கிழவர் தன் படத்தையே கொண்டுவந்து, எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, நானே பல்பு வைத்துத் தயார் செய்து வைத்துக்கொள்கிறேன் என்றார். இவர் முடியவே முடியாது என்றுவிட்டார். "செத்தப்புறம் வாங்க ஐயா, போட்டுத் தரேன்."

அந்த மனிதரை இவர்கள் எதிர்ச் சுவரில் ஏற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து இந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு வரப்போகிறார்கள். அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும். மாலையும் பல்பும் என்ன சொல்கின்றன என்று அவருக்கு யாரும் பலகை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கண்ணில் படுவதற்குள் அது இறங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அங்கே பொறுப்பாக இருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். நம் தமிழ்ப் பெண்தான். நல்ல கைத்தறிச் சேலை, காதில் பெரிய ஜிமிக்கி, கழுத்தில் அட்டை.

"ஏம்மா, இந்தப் படத்துல இருக்கறது யாருன்னு தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி! உங்க ஹஸ்பெண்ட். ரொம்ப ஹேண்ட்ஸம் லா."

"அவரு உசுரோட இருக்காரு."

"யெஸ், சண்டே வராங்கல்ல? வீல்சேர்கூட அரேஞ்ச் பண்ணிட்டோம்."

"அப்பறம் எதுக்கு மாலை?"

அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "மரியாதைக்குத்தான் ஆன்ட்டி. அந்தக் காலத்து வீட்டு போட்டோ நெறைய பாத்தோம். எல்லா வீட்லயும் சுவத்துல இருக்கற படத்துக்கு மாலை, பொட்டு, லைட். ரிசர்ச் பண்ணிதான் செஞ்சோம்."

"அந்தப் படத்துல இருந்தவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு ரிசர்ச்ல வரலையா?"

அப்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது. உறைத்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏணி கொண்டுவருவாள் என்று நினைத்தேன். படித்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். "மாலை ரியல் இல்ல ஆன்ட்டி, பிளாஸ்டிக்தான்" என்றாள்.

"மாலை பிளாஸ்டிக். உள்ள இருக்கற ஆளு பிளாஸ்டிக் இல்ல."

"நான் சூப்பர்வைசர்கிட்ட பேசறேன். லைட்டிங்லாம் செட் பண்ணியாச்சு, டிசைனர் ஒத்துக்கணும். ஓப்பனிங் முடிஞ்சதும் கண்டிப்பா மாத்தலாம்."

"ஓப்பனிங் முடிஞ்சப்புறம் எதுக்கு? அவரு பாக்கறதுக்கு முன்னாடி எடு. இப்பவே எடு." நானே மாலைமேல் கை வைத்தேன்.

"ஆன்ட்டி, தொடக்கூடாது!"

என் புருஷன் படத்தைத் தொட நான் டிசைனரைக் கேட்க வேண்டுமாம். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, விடும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கத்தானேடி வந்திருக்காங்க. பாக்கட்டும்."

கூடத்தில் கயிறு கட்டி வைத்திருந்த பிரம்பு நாற்காலி கண்ணில் பட்டது. கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். காவலுக்கு நின்ற சீனக் கிழவர் ஓடி வந்தார். "மா, தா போலே டுடோக் லா," உட்காரக்கூடாதாம். "போலே," உட்காரலாம் என்று நான் சொன்னேன். மனிதர் யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அந்த வீட்டில் இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் கொஞ்சம் புத்தி இருந்தது.

உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு அவசரம் இல்லை, வீட்டில் சோறு ஆக்கியாயிற்று. பொருள் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாளும் வந்தாள், அவள் என்ன பொருள் கொடுத்தாளோ. என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்தாள். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து இன்னொன்று. நான் கண்ணைச் சிமிட்டினதும் "ஓ!" என்று மார்பில் கையை வைத்துக்கொண்டாள். என்னையும் அட்டையில் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கயிற்றுக்கு உள்ளே இருந்தால் சாமான், வெளியே இருந்தால் மனுஷி.

அந்தப் பெண் மூலையில் நின்று கைப்பேசியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே "ஷீ இஸ் சிட்டிங்" என்றாள். அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

அப்போது மகளின் கைப்பேசி அடித்தது. அவள் எடுத்தது எந்தப் பொத்தானில் பட்டதோ, சத்தம் வீடெல்லாம் கேட்டது. பாசிர் ரிஸ்ஸில் இருக்கிற என் நாத்தனார், இவருடைய தங்கை.

"ஐயோ, எங்கண்ணே போயிட்டாராடி! எனக்கு ஒரு வார்த்த சொல்லலையே! பாவிங்களா, போட்டோல மாலைய போட்டுட்டு அனுப்பறீங்களே! எத்தன மணிக்கு எடுக்கறீங்க?"

மகள் முகம் செத்துப்போயிற்று. மாலை போட்ட படத்தைக் குடும்பத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறாள். "'அப்பா அட் த மியூசியம்'னு எழுதித்தாம்மா அனுப்பினேன்" என்றாள். எழுதினாளாம். என் நாத்தனாரும் நானும் ஒரே படிப்பு. எழுத்தை யார் பார்த்தது, படம்தானே கண்ணுக்குத் தெரியும்.

நான் கைப்பேசியை வாங்கினேன். "இந்தா, அழுகையை நிறுத்து. உங்கண்ணன் இருக்காரு. ஊசியக் குத்திக்கிட்டுப் படுத்திருக்காரு. மத்தியானம் வீட்டுக்கு வந்துருவாரு."

"அப்ப மாலை, அண்ணி?"

"மியூசியத்துக்காரங்க போட்டது."

"எதுக்கு?"

"அழகா இருக்கட்டும்னு."

அப்புறம் முன்னைவிடப் பெரிய சத்தம். "உசுரோட இருக்கற ஆளுக்கா? அவங்க கையி வெளங்குமா? என் கூடப்பொறந்தவரு என்ன அவங்களுக்கு வெளையாட்டுப் பொம்மையா? நான் ஜொகூர்ல இருக்கற நம்ம சொந்தம் எல்லாருக்கும் சொல்லிட்டேனே அண்ணி! அவங்க பஸ் ஏறிட்டா நான் என்ன பண்ணுவேன்! வீட்டுக்குக்கூட அடிச்சேன், யாரும் எடுக்கல!"

வீட்டுக்கு என்றதும் கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். மணி அடித்தால் அவர்தான் எடுப்பார்.

"வீட்டுக்கு அடிக்காத. யாரும் அடிக்கக்கூடாது, எல்லாருகிட்டயும் சொல்லு. அவரு காதுக்கு இது போச்சுன்னா அப்புறம் உனக்கு அண்ணியும் இல்ல, ஒன்னும் இல்ல."

அவள் சரி என்று சொல்லிக்கொண்டே மறுபடி அழ ஆரம்பித்தாள். அவளுடைய அழுகை சாதாரணமானது இல்லை. எழவு வீட்டில் அவள் வந்தால் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். நான் அதை எத்தனையோ முறை ஏளனம் செய்திருக்கிறேன், இனியும் செய்வேன். ஆனால் அன்றைக்குக் கைப்பேசியை அணைக்கவில்லை. அதைச் சாமி அறைப் பக்கமாகத் திருப்பி, மடியில் வைத்துக்கொண்டேன். அந்தச் சுத்தமான வீட்டில், முதல்முறையாக, வீடு என்று சொல்லும்படி ஒரு சத்தம் கேட்டது. பொருள் கொடுத்தவர்கள் காகிதக் கோப்பையில் தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். "யாரு எறந்துட்டாங்க?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "அதோ, மாட்டியிருக்காங்களே, அவருதான்" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஒருத்தி என்னிடமே வந்து கையைப் பிடித்து, "எப்பம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் டிசைனரைக் கேட்கவில்லை, சூப்பர்வைசரையும் கேட்கவில்லை. காவல்காரக் கிழவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஏறி இறக்கினாள். மாலையைக் கழற்றினேன். குங்குமத்தை முந்தானையால் துடைத்தேன். தேய்ந்து அவர் நெற்றியில் கொஞ்சம் சிவப்பு நின்றது, எச்சில் தொட்டுத் துடைத்தேன். "ஆன்ட்டி, பிளீஸ்" என்றாள் அந்தப் பெண், எச்சிலைப் பார்த்து. எச்சில் சட்டிக்கு வெல்வெட் விரிக்கிற கூட்டம்.

மத்தியானம் அவர் வந்தபோது வீட்டுப் போனின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். இரண்டு நாள் அப்படியே இருந்தது. அவர் கவனிக்கவில்லை. ஜொகூர்க்காரர்கள் பஸ் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பேச்சு, கைதட்டல், ரிப்பன். அவர் படத்தை முன்பக்கக் கடையில், தராசுக்கு மேலே, மாலையும் இல்லாமல் பொட்டும் இல்லாமல் மாட்டியிருந்தார்கள். அந்தப் பெண் அதே சிரிப்போடு வந்து, "அங்கிள், நீங்கதான் எங்க ஸ்டார்" என்றாள். இவர் தலையை வாரிக்கொண்டு படத்துக்குக் கீழே நாற்காலியைத் திருப்பச் சொல்லி, படம் எடுக்கச் சொன்னார். எடுத்த பிறகு சட்டத்தைப் பார்த்து, "பிளாஸ்டிக்" என்றார். அவ்வளவுதான் பேசினார். மகள் கூட்டத்தில் யாரோடோ பேசப் போய்விட்டாள்.

நான் அவரை அப்படியே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். "உள்ள என்ன இருக்கு? பாத்துட்டுப் போவோம்" என்றார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். தள்ளினேன். அந்தப் பெண்ணும் கூடவே வந்தாள், முகம் வெளுத்துப்போய்.

சாமி அறையில் பக்கத்துச் சுவர் காலியாக இருந்தது. வேறு படம் கிடைக்கவில்லைபோல. ஆணியும் அப்படியே, பல்பும் அப்படியே. ஒன்றுமில்லாத சுவருக்கு மேலே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இவர் முருகனைப் பார்த்தார், லட்சுமியைப் பார்த்தார். அப்புறம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னடி இது, சாமி ரூம்ல போனவங்க படம் ஒன்னையும் காணோம்? இந்த வீட்ல யாருமே சாகலையா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"இல்ல. யாரும் சாகல" என்றேன்.

"அப்ப ஆணி எதுக்கு?"

"அடிச்சுட்டாங்க. ஆளு கெடைக்கல."

அவர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார், இருமல் வரும்வரை. இருமி முடித்ததும், "கெடைக்காது. நம்ம ஆளுங்க லேசுல போவாங்களா" என்றார். அப்புறம் பசிக்கிறது என்றார். இன்றைக்கு என்ன குழம்பு, நேற்று மாதிரி புளித்தண்ணீராக இருந்தால் வேண்டாம் என்றார்.

நான் நாற்காலியைத் திருப்பி வெளியே தள்ளினேன். எங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் அந்த அறைக்குள் நுழைந்தது. அந்தப் பெண் காலிச் சுவரைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு பேர் அந்த ஆணியைப் படம் எடுத்தார்கள்.